நலம், நலமறிய ஆவல்

அம்மா இறந்த பிறகு அவர்களுடைய பைபிளுக்குள் என் பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. நீல இன்லண்ட் லெட்டர். மடிப்பில் கிழிந்து, உள்ளே எண்ணெய்க் கறை. 1995 ஜூன் மாதம் எழுதியது.

"நாங்கள் இங்கே நலம். தாங்கள் அங்கே நலமறிய ஆவல். ஊழியம் ஆசீர்வாதமாய் நடக்கிறது. தம்பி ஹாஸ்டலில் சந்தோஷமாய்ச் சேர்ந்துகொண்டான். மழை தொடங்கிவிட்டது. ஜெபித்துக்கொள்ளுங்கள்."

அவ்வளவுதான். இந்தக் கடிதத்தை எழுதிய வாரத்தில் நான் ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை. ஆறு வயசு மகனைத் தமிழ்நாட்டில் ஒரு ஹாஸ்டலில் விட்டுவிட்டு, மூன்று நாள் ரயிலில் திரும்பி வந்திருந்தேன். தினமும் காலையில் உலை வைக்கும்போது பழக்கத்தில் அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டுவிடுவேன். மத்தியானம் பானையில் மிஞ்சிக் கிடக்கும் அந்த ஒரு பிடிச் சோற்றைப் பார்த்ததும் அழுகை வந்துவிடும். என் வீட்டுக்காரர் கிராமங்களுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் வருவார். அவர் வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொள்வேன்.

நாங்கள் மிஷனெரிகளாக இருந்தது ராஜ்மகால் மலையடிவாரத்தில், சாகிப்கஞ்ச் மாவட்டம். அப்போது அது பீகார்; 2000 நவம்பரில் ஜார்க்கண்ட் ஆனது. மலைமேல் பகாடியா மக்களின் கிராமங்கள். மக்காச்சோளமும் பயறும் விதைப்பார்கள். தண்ணீருக்குக் கீழே இறங்கி வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறுவார்கள். அவர்கள் பேசும் மால்தோ, நம் தமிழின் தூரத்துச் சொந்தம். திராவிடக் குடும்பத்தின் வடகோடிக் கிளை. 'நான்' என்பதற்கு 'ஏன்', 'நீ' என்பதற்கு 'நீன்'. முதல் முறை அதைக் கேட்ட அன்று, ஏதோ சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டதுபோல் சந்தோஷப்பட்டோம். அந்த மலையில் மலேரியாவும் காலா அசார் காய்ச்சலும் வராத வீடு இல்லை. எங்களுக்கும் வந்தது. காய்ச்சலைப் பற்றி ஊருக்கு எழுத முடிந்தது. ஜெபக் குறிப்பில் போடலாம், சபையில் வாசிப்பார்கள். மிஞ்சிய அந்த ஒரு பிடிச் சோற்றை எந்த ஜெபக் குறிப்பில் போடுவது?

மாதாமாதம் மிஷன் அலுவலகத்துக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். சந்தித்த கிராமங்கள், நடத்திய கூட்டங்கள், புதிதாக வந்தவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள், செலவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அந்த ஆகஸ்டில் எங்களை மேற்பார்வை செய்த அண்ணன் வந்தார். ஒரு மணி நேரம் இருந்தார். டீ குடித்தார், ரிஜிஸ்டரைப் புரட்டினார், இந்த மாதம் எண்ணிக்கை ஏன் குறைந்திருக்கிறது என்று கேட்டார். என் முகத்தில் ஏதோ கண்டிருக்க வேண்டும். கிளம்பும்போது, "சிஸ்டர், விசுவாசத்துல உறுதியா இருங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் அன்று காய்ச்சல் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பணித்தளங்களை அவர் ஒருவரே பார்க்க வேண்டும். அவரை யார் விசாரித்தார்கள் என்றும் எனக்குத் தெரியாது.

அக்டோபரில்தான் பெரியம்மா வந்தார்கள். சொந்தப் பெரியம்மா இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். ஒடிசாவில் இருபது வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர்கள், கணவரை இழந்தவர்கள். எந்த அலுவலகமும் அனுப்பி வரவில்லை. நான் எழுதிய ஒரு கடிதத்தை யாரோ அவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். "எல்லாம் ஆசீர்வாதமா இருக்குன்னு இத்தன தடவ எழுதியிருக்காளே, போய்ப் பார்ப்போம்" என்று கிளம்பிவிட்டார்களாம். ஒரு பையில் புளி, கருப்பட்டி, சுக்கு, கொஞ்சம் கருவாடு.

ஒன்பது நாள் இருந்தார்கள். முதல் மூன்று நாள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். "மக்களே, நீ போய்ப் படு" என்பார்கள். நானும் போய்ப் படுப்பேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நான் அரிசி அளப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள், பெரிய பானையைக் கழுவித் துடைத்து, துணியில் கட்டிப் பரணில் வைத்தார்கள். மூலையில் கிடந்த சின்னப் பானையை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். "ரெண்டு பேருக்கு இது போதும். பிள்ள லீவுக்கு வரும்போ பெரிசை இறக்கிக்கிடலாம்." அதோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

நாலாம் நாள் ராத்திரிதான், விளக்கை அணைத்த பிறகு, "மக்களே, உறக்கம் வருதா ஒனக்கு?" என்று கேட்டார்கள். விடியும்வரை பேசினேன்.

மறுநாள் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். என்ன பேசினார்களோ, திரும்பி வரும்போது அவர் கண்ணும் சிவந்திருந்தது. அடுத்து, கங்கையைத் தாண்டி மால்டாவுக்கு என்னை அழைத்துப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். ரத்தம் ஏழு கிராம்தான் இருந்தது. மனச்சோர்வுக்கும் மாத்திரை எழுதினார். ஊழியக்காரி மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்டேன். "காய்ச்சலுக்குச் சாப்பிடுதேல்லா, அதே வாய்தானே?" என்றார்கள்.

எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தடவை நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு முதலில் வந்தது பிரசங்கம் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டுத் தூங்க விட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்து, நாற்பது நாள் நடந்த பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியே வருகிறது. பெரியம்மா அந்த வசனத்தைச் சொல்லவேயில்லை. செய்தார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2004இல் ஊருக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, ஓய்வு எல்லாம் ஆகிவிட்டது. சில வருஷங்களாக, பணித்தளத்துக்குப் புறப்படுகிற இளம் தம்பதிகளுக்கு நடக்கும் முன்பயிற்சியில் இரண்டு நாள் வகுப்பு எடுக்கிறேன். அப்புறம், நாலு குடும்பங்களோடு மாதம் இரண்டு முறை போனில் பேசுகிறேன். மெம்பர் கேர், மென்டரிங் என்று இப்போது அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் எதுவானாலும் சரி.

நம் சபைகளில் 'மிஷனெரியைத் தாங்குதல்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். "எங்க சபை ரெண்டு மிஷனெரியைத் தாங்குது" என்பார்கள். மாதக் காணிக்கை கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உலையில் போடும் அரிசியில் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, அதை விற்று ஊழியத்துக்குக் கொடுத்த பாட்டிமார் எங்கள் ஊரில் இருந்தார்கள். அந்தக் காசில்தான் நாங்கள் சாப்பிட்டோம். ஆனால் தாங்குவது என்றால் விழப்போகிறவனைக் கையில் பிடிப்பதுதானே? பணம் எங்கள் வயிற்றைத் தாங்கியது. என்னைத் தாங்கியது, மூன்று நாள் ரயிலேறி வந்த ஒரு வயசான அம்மா.

மால்டாவுக்கு அன்று பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரு விஷயம் தெரியாது. பிறகுதான் படித்தேன். அதே மால்டா மாவட்டத்தில்தான் மத்னாபதி என்ற ஊர் இருக்கிறது. இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரி சாயத்துக்கான அவுரித் தொழிற்சாலையை மேற்பார்த்துக்கொண்டே பைபிளை வங்காளத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த இடம். கேரியைப் பற்றி நம் கன்வென்ஷன்களில் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! அவருடைய மனைவி டாரத்தியைப் பற்றி ஒன்று கேட்டிருப்போமா? கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் ஒரு குறியைப் போட்ட கிராமத்துப் பெண். வர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். மடியில் கைக்குழந்தை. கப்பல் தாமதமானது. கேரியும் கூடப் புறப்பட்ட நண்பரும் மறுபடி வந்து வற்புறுத்தினார்கள். தங்கையும் கூட வருகிறாள் என்றதும், ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு ஏறினார். 1793 நவம்பரில் கல்கத்தாவில் இறங்கினார்கள். அடுத்த வருஷமே, மத்னாபதியில் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். தங்கையும் கல்யாணம் செய்துகொண்டு பிரிந்து போய்விட்டாள். டாரத்தியின் மனம் முறிந்தது. கணவரைச் சந்தேகப்பட்டார், தெருவில் நின்று கத்தினார், சில சமயம் அறையில் பூட்டி வைக்க வேண்டியிருந்தது. 1807 டிசம்பரில் இறக்கும்வரை பன்னிரண்டு வருஷம் இப்படி. பக்கத்து அறையில் மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தது.

நான் கேரியைக் குற்றம் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அதற்கு மருந்தும் இல்லை, பேரும் இல்லை. ஆனால் டாரத்தியிடம் "உனக்கு அழைப்பு உண்டா?" என்று யாரும் நிதானமாக உட்கார்ந்து கேட்கவில்லை. அதனால்தான் என் வகுப்பின் முதல் மணி நேரத்தில் கணவர்மாரை வெளியே அனுப்பிவிடுகிறேன். பெண்களிடம் ஒரே கேள்வி: "உங்களுக்குப் போக மனசு இருக்கா, இல்ல அவருக்காகப் போறீங்களா?" ஒவ்வொரு தடவையும் ஒருத்தியாவது அழுகிறாள். அழுதவர்கள் எல்லாரும் போகாமல் இருந்துவிடவில்லை. ஆறு மாதம் தள்ளிப் போட்டு, பயத்தை எல்லாம் பேசி முடித்துப் போனவர்கள் உண்டு. போகாமல் நின்றுவிட்டவர்களும் உண்டு. அதுவும் நல்லதுதான் என்று நினைக்கிறேன். பாதியில் உடைந்து திரும்பி, குற்ற உணர்வோடு காலம் தள்ளுவதைவிட.

கேரியின் வாழ்க்கையிலேயே இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1800இல் செராம்பூருக்கு வந்து, சக மிஷனெரிகளான மார்ஷ்மன், வார்டு குடும்பங்களோடு ஒரே வீட்டில், ஒரே பந்தியில் சாப்பிட்டு வாழ ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூடி, அந்த வாரத்தில் ஒருவருக்கொருவர் மேல் வந்த மனத்தாங்கல்களைப் பேசித் தீர்த்து, ஒருவரையொருவர் நேசிப்போம் என்று வாக்குக் கொடுப்பது அவர்களுடைய வழக்கம். தாயின் கவனிப்பில்லாமல் காடாக வளர்ந்துகொண்டிருந்த கேரியின் மகன்களை ஹன்னா மார்ஷ்மன் அரவணைத்தார். மூத்தவன் ஃபீலிக்ஸை வார்டு தன் தம்பிபோல் பக்கத்தில் வைத்து நடத்தினார். அச்சுக்கூடத்தையும் மொழிபெயர்ப்புகளையும்தான் எல்லாரும் பேசுகிறோம். அந்தச் சனிக்கிழமைகள் இல்லையென்றால் அச்சுக்கூடம் எத்தனை நாள் ஓடியிருக்கும்? ஒரு பணித்தளத்தில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தால், மலேரியாவைவிடச் சீக்கிரம் வருவது மனஸ்தாபம். தண்ணீர்க் குழாய், ஜீப், யார் பெயர் பத்திரிகையில் வந்தது என்று எதிலாவது ஆரம்பிக்கும். அதனால் சனிக்கிழமைப் பழக்கத்தை என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாகச் சொல்லித் தருகிறேன்.

நம்ம தரங்கம்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் 1706இல் வந்திறங்கியதும், டேனிஷ் கவர்னர் நாலு மாதம் சிறையில் வைத்ததும், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் எல்லாருக்கும் தெரியும். 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் இறந்தார். வயிற்று நோய் ஏற்கெனவே இருந்தது. அதோடு, கோப்பன்ஹேகனில் மிஷன் சங்கத்தின் செயலாளராக இருந்த வெண்ட் எழுதிய கடுமையான கடிதங்களும் சேர்ந்துகொண்டன. கட்டிடம் எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு, அப்போஸ்தலரைப்போல் ஒன்றுமில்லாமல் சுற்றித் திரிந்து பிரசங்கிக்க வேண்டியதுதானே என்ற தொனியில் எழுதியவர் அவர். எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்துச் சில மாதம்கூட ஆகாத நேரம். அதற்குப் பிறகு சீகன்பால்க்கின் உடல் தேறவேயில்லை. கூட உழைத்த குருண்ட்லரும் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். தரங்கம்பாடி ஆலயத்தில் சீகன்பால்க்கின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு எங்கள் ரிப்போர்ட் கட்டங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. தூரத்து மேசையிலிருந்து எழுதுகிற ஒரு வரி, வெயிலில் நிற்கிறவனை என்ன செய்யும் என்பது எழுதுகிறவருக்குத் தெரிவதில்லை. பணித்தள ஊழியருக்குக் கடிதம் எழுதுகிற, வாட்ஸ்அப்பில் தகவல் கேட்கிற ஒவ்வொரு அலுவலகத் தம்பிக்கும் அரை நாள் பயிற்சி வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். முதல் வரியில் ரிப்போர்ட்டைக் கேட்காதே. இது ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதிப் பாரம் குறையும்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளாளன்விளை அசரியா மேடையேறி, வெள்ளைக்கார மிஷனெரிகளிடம் எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம் என்றார். அந்தப் பேச்சுக்கு ஏழு வருஷம் முன்னால், 1903இல், அவரும் சேர்ந்துதான் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியிருந்தார். வேறு ஆட்களை அனுப்பிவிட்டு ஊரில் உட்கார்ந்திருக்க மனம் வராமல், 1909இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தானே போய், முப்பத்தைந்து வயதில் தெலுங்கு படித்தார். அங்கே பயிற்சிக்கு வந்த ஊழியர்களின் மனைவிமாருக்கும் வகுப்பு நடந்தது. நூறு வருஷத்துக்கு முன்பே நம் ஆள் ஒருவர் செய்து காட்டியதைத்தான் நாம் இப்போது புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறோம்.

வெள்ளைக்கார மிஷனெரிகளுக்குக் கொடைக்கானல் இருந்தது. மதுரையில் காய்ச்சலில் வாடிய அமெரிக்க மிஷனெரிகள் 1845இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1901இல் பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளிக்கூடம். எங்களுக்கு லீவு என்றால் வருஷத்துக்கு ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் தாங்குகிற சபைகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். காலையில் ஒரு சேகரம், சாயங்காலம் ஒரு பெண்கள் ஐக்கியம். "எத்தன பேர் ரட்சிக்கப்பட்டாங்க?" என்ற கேள்வி. மகன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு கோயிலிலும் தூங்கிப் போவான். இப்போது நான் பழகும் குடும்பங்களுக்காகச் சபைக் கமிட்டிகளில் சண்டை போட்டு, லீவில் முதல் இரண்டு வாரம் கூட்டமே கிடையாது என்று வாங்கியிருக்கிறேன். எல்லாச் சபையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்ட சபைகளை நினைத்து ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

பயிற்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம். முதல் வருஷம் மொழி வராது. ஊரில் வாத்தியாராக, என்ஜினீயராக மரியாதையோடு இருந்தவன், அங்கே போய் உப்பு கேட்கத் தெரியாமல் நிற்பான். சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அது எவ்வளவு அடிக்கும் என்பதைப் போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு எடுக்க வேண்டும், அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்க முடியாது என்பதையும். இப்போதைய பிள்ளைகளுக்கு நாங்கள் அறியாத பயங்களும் இருக்கின்றன. ஜார்க்கண்டில் 2017இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. வேறு பல மாநிலங்களிலும் இருக்கிறது. கதவு தட்டப்பட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று ஒருத்தி சொன்னாள். சட்டம் என்ன சொல்கிறது, எது கூடாது என்று ஒரு வக்கீலை வரவழைத்து நேராக விளக்கச் சொல்கிறோம். தெளிவாகத் தெரிந்தால் பாதிப் பயம் குறைகிறது.

வகுப்பு எவ்வளவு நன்றாக நடந்தாலும் அது இரண்டு நாள்தான். அதற்குப் பிறகு வரும் வருஷங்களுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அலுவலகத்து ஆளாக இருக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சம்பளமும் மாறுதலும் யார் கையில் இருக்கிறதோ, அவரிடம் "எனக்கும் என் மனைவிக்கும் ஆறு மாதமாகப் பேச்சு இல்லை" என்று யார் சொல்வார்கள்? முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சொல்வது என்னைத் தாண்டாது; யார் உயிருக்காவது, பிள்ளைகளுக்காவது ஆபத்து என்றால் மட்டும் மற்றவர்களிடம் பேசுவேன், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன். இதைச் சொன்ன பிறகும், மனம் திறக்க ஒரு வருஷம் ஆகிறது. "நல்லா இருக்கோம் ஆன்ட்டி, ஊழியம் ஆசீர்வாதமா இருக்கு" என்பார்கள். எனக்கு அந்த வாக்கியத்தை நன்றாகத் தெரியும். உறக்கம் வருகிறதா, கடைசியாக இரண்டு பேரும் எப்போது சிரித்துப் பேசினீர்கள், இந்த வாரம் என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்பேன். மூன்று நாளாக ரசம்கூட வைக்கவில்லை என்றால், எனக்கு விஷயம் புரிந்துவிடும்.

என் மகனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும்போது ஒரு நாள் அந்த ஹாஸ்டல் நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் அவனுக்கு வாரம் தவறாமல் எழுதிய கடிதங்களை எடுத்து வைத்திருந்தான். எல்லாவற்றிலும் நலம், ஆசீர்வாதம், கர்த்தர் நல்லவர். "நீங்க லெட்டர்ல ஒரு தடவையாவது அழுதிருக்கலாம்மா" என்றான். "எனக்கு மட்டும்தான் கஷ்டமா இருக்குன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்புகிற தாய்மாரிடம் இப்போது நான் சொல்வது இதுதான்: உன் ஏக்கத்தையும் அவனுக்கு அளவாக எழுது.

பெரியம்மா 2011இல் இறந்தார்கள். எந்த மிஷனெரிப் பத்திரிகையிலும் அவர்கள் படம் வரவில்லை.

போன வியாழக்கிழமை, நான் பேசுகிற நாலு குடும்பங்களில் ஒருத்தி கூப்பிட்டாள். அவள் மகளை ஜூனில் ஹாஸ்டலில் சேர்க்கிறார்கள். ஏழு வயசு. எல்லாம் தயார், டிரங்குப் பெட்டி வாங்கியாச்சு, பாப்பா சந்தோஷமாக இருக்கிறாள் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை.

"ஆன்ட்டி, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. ஜூன் இருபதுக்கு மேல அங்க வரலாம்னு இருக்கேன். பத்து நாள் தங்கினா ஒனக்குச் சிரமமா?"

அவள் மறுபடி பேசக் கொஞ்ச நேரம் ஆனது. வரும்போது நல்ல கருப்பட்டி கிடைத்தால் கொண்டுவரச் சொன்னாள்.